பேச்சு வருமுன் எதைக் குறித்துக்கொள்வது?

அன்புள்ள ஐயா,

மொழியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மொழியைச் சமூகத்துக்குள் பொருள் உண்டாக்கும் ஓர் அமைப்பாகப் பார்க்கும் மொழியியலாளர் ஹாலிடேயின் வழியில் சின்னதாக ஓர் ஆய்வேடு எழுத ஆசை. அக்கா குழந்தைக்குப் பத்து மாதம். போனை ஓடவிட்டு வீடியோ எடுத்து, பிறகு சொற்களை எண்ணலாம் என்பது திட்டம். "இன்னும் பேச்சே வரலை, எதைடா எண்ணுவே?" என்று வீட்டில் சிரிக்கிறார்கள். எங்கே தொடங்குவது?

க., கோவை

அன்புள்ள க.,

சிரிப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. சொற்களைத்தான் எண்ணுவேன் என்றால் நீங்கள் இன்னும் பல மாதம் காத்திருக்க வேண்டும். பொருள்களை எண்ணுவதானால் இன்றைக்கே தொடங்கலாம்.

எம்.ஏ.கே. ஹாலிடே தன் மகனை ஒன்பது மாத வயதிலிருந்து கவனித்து எழுதிய நூல் 1975இல் வந்தது. அதில் குழந்தையின் பெயர் நைஜல். பத்தரை மாதம் வரையான முதல் பட்டியலில் பெரியவர்களின் சொல் என்று சொல்ல அநேகமாக எதுவுமில்லை. ஆனால் 12 பொருள்கள் இருந்தன: வேண்டியதைக் கேட்க 2, பிறரை ஏவ 2, உறவாட 3, தன் உணர்வைக் காட்ட 5. கேட்பதில் ஒன்று பொதுவானது, எந்தப் பொருளுக்கும் செல்லும் ஒரு மூக்கொலி. மற்றது பொம்மைப் பறவையைக் கேட்க மட்டும். ஏவலில் ஒன்று "திரும்பச் செய்", இன்னொன்று "இப்பவே செய்". ஒன்றைச் சொல்கிறபோது குழந்தை மற்றதை விடுகிறது. இந்தத் தேர்வு இருப்பதால்தான் அதை அமைப்பு என்கிறோம். நம் மொழியில் ஒலிக்கும் பொருளுக்கும் நடுவே சொல்லும் இலக்கணமும் நிற்கின்றன. குழந்தையிடம் அந்த நடுத்தட்டு இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

வீடியோவை ஓரமாக வையுங்கள். ஹாலிடே பயன்படுத்தியது நோட்டும் பென்சிலும். நாள் முழுக்க எடுத்த பதிவில் உங்களுக்குப் பயன்படுவது சில நொடிகள்தான் இருக்கும். அந்த நொடியில் குழந்தை எதைப் பார்த்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்பது கேமராவின் சட்டத்துக்கு வெளியே போயிருக்கும். ஒலியைச் சரிபார்க்க மட்டும் அவ்வப்போது பதிவு செய்தால் போதும்.

ஒவ்வொரு குறிப்பிலும் இவை வேண்டும்: வயது (மாதம், நாள்), ஒலி, குரல் ஏறியதா இறங்கியதா, பார்வையும் கையும் எங்கே, உடன் இருந்தவர் யார், அவர் என்ன செய்தார், அதன்பின் குழந்தை என்ன செய்தது. கடைசி இரண்டையும்தான் மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அவை இல்லையென்றால் மீதிக் குறிப்பெல்லாம் வெறும் ஒலிப்பட்டியல். பொருள் என்பது குழந்தைக்கும் எதிரில் இருப்பவருக்கும் இடையில் நடப்பது.

ஓர் உதாரணம். குழந்தை கிண்ணத்தைப் பார்த்து "ஆங்" என்கிறது. கிண்ணத்தைக் கொடுக்கிறீர்கள். வாங்கிக்கொண்டு அமைதியானால் அது கேட்டல். கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, உங்கள் முகத்தைப் பார்த்து மறுபடி "ஆங்" என்றால், கிண்ணம் ஒரு சாக்கு. வேண்டியது உங்கள் கவனம். அது உறவாடல். கிண்ணத்தைத் தரையில் தட்டிக் காட்டியதும் சிரித்து, நிறுத்தியதும் "ஆங்" என்றால், "திரும்பச் செய்". மூன்றிலும் ஒலி ஒன்றுதானா, குரலின் ஏற்ற இறக்கம் மாறுகிறதா என்று அப்போதே கேட்டு எழுதுங்கள். ராத்திரி உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் மூன்றும் ஒன்றாகிவிடும்.

ஓர் ஒலி ஒரே பொருளில், சந்தேகத்துக்கு இடமில்லாத சூழலில், குறைந்தது மூன்று தடவை வந்தால்தான் பட்டியலில் ஏற்ற வேண்டும். ஹாலிடே வைத்த அளவு அது. ஓரிரு தடவை வந்தவற்றை நோட்டின் பின்பக்கத்தில் போட்டு வையுங்கள். அழுகையைச் சேர்க்காதீர்கள். நீங்கள் சொன்னதை அது திருப்பிச் சொல்வதையும் கணக்கில் எடுக்காதீர்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் கவனமாக இருங்கள். குழந்தை "தாத்தா" என்றதாகத் தாத்தா சத்தியம் செய்வார். அவர் அறையில் இல்லாதபோதும், பூனையைப் பார்த்தும் அதே ஒலி வருகிறதா என்று பாருங்கள். "மம்மு", "இங்கா", "தாச்சி" போன்றவை நாம் குழந்தைக்குக் கொடுக்கும் சொற்கள், குழந்தை உண்டாக்கியவை அல்ல. குழந்தை "மம்மு" என்றால் "சோறு" என்று பொருள் எழுதாதீர்கள். பால், தண்ணீர், தூக்கிக்கொள் எல்லாவற்றுக்கும் அதுவே வரலாம். என்ன நடந்ததும் குழந்தை நிறுத்தியது என்பதை வைத்தே பொருளை முடிவு செய்யுங்கள்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை, முந்தைய பட்டியலைப் பார்க்காமல் புதிதாகப் பட்டியல் போடுங்கள். பிறகு இரண்டையும் அருகருகே வைத்தால் எந்தப் பொருள் இரண்டாகப் பிரிந்தது, எது காணாமல் போனது என்பது தெரியும். பட்டியலில் ஏதாவது ஒரு வகைக்கு எதுவும் கிடைக்காவிட்டால் அந்த இடத்தை வெறுமையாகவே விடுங்கள். அதை நிரப்பத் தோன்றும்; குறிப்பாக, தகவல் சொல்வது என்ற வகையின் இடத்தை. எதிரில் இருப்பவருக்குத் தெரியாததை மொழியால் சொல்லலாம் என்ற எண்ணம் கடைசியில்தான் வருகிறது. நமக்கோ மொழி என்றாலே தகவல்தான்.

ஒரு குழந்தை, அதுவும் மொழியியலாளர் வீட்டுக் குழந்தை, போதுமா என்ற கேள்வி உங்கள் வாய்மொழித் தேர்வில் வரும். கேட்க வேண்டிய கேள்விதான். கிளேர் பெயின்டர் தன் மகனை இதே முறையில் ஆராய்ந்து 1984இல் நூலாக்கினார், அங்கும் இந்த வகைகள் தென்பட்டன. அவரும் மொழியியலாளர், அதுவும் ஆங்கிலம் பேசும் வீடு. ஆகவே ஆட்சேபம் முழுதாகத் தீரவில்லை. பாட்டி, சித்தி, பக்கத்து வீடு என்று பலர் கைமாறித் தூக்கும் வீட்டில் உறவாடும் ஒலிகள் ஆளுக்கேற்பப் பிரிகின்றனவா என்று நீங்கள் பார்த்தால், அது வெறும் நகலெடுப்பாக இராது.

குரலின் ஏற்ற இறக்கத்துக்குத் தமிழ் எழுத்து உதவாது. பக்கத்தில் அம்புக்குறி போடுங்கள், முதல் நாளிலிருந்தே. நைஜல் சுமார் 19 மாதத்தில், யாராவது ஏதாவது செய்ய வேண்டும் என்றால் ஏறும் குரலிலும், தான் பார்த்ததைச் சொல்லிக்கொள்ள இறங்கும் குரலிலும் பேசத் தொடங்கினான். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று நடக்கிறதா, அல்லது தமிழ்க் குழந்தை அந்த வேலைக்கு வேறெதையாவது பிடிக்கிறதா என்பதை, அந்த அம்புக்குறிகள் இல்லாத நோட்டிலிருந்து பின்னால் கண்டுபிடிக்க முடியாது.