ஓடையிலிருந்து திரும்பியது சரியா?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சேலம் அஸ்தம்பட்டிக்காரன். இப்போது பெங்களூரில் வேலை. கல்லூரி நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மஹிந்திரா 'தார்' ஜீப்பில் குப்பனூர் வழியாக ஏற்காடு மலை ஏறினோம். கொட்டச்சேடு தாண்டி, நண்பனின் உறவினருடைய காபித் தோட்டத்து மண்பாதையில் ஃபோர் லோ (நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் மெதுவான கியர்) போட்டு ஒரு மணி நேரம் ஓட்டினோம். தோட்டத்தின் கடைசியில் ஓடை குறுக்கிட்டது. முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். வண்டியை அக்கரையில் நிறுத்திவிட்டு ஓடைக்குள் இறங்கி மேல்நோக்கி நடந்தோம். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் பெரிய உருண்டைப் பாறைகள், இடுப்பளவுக் குட்டைகள். அமெரிக்காவின் ஆன்டிலோப் கேன்யன், அதாவது வெள்ளம் அரித்த குறுகிய பாறை இடுக்கு, அதன் படங்களைப் பார்த்து ஏங்கிய எனக்கு, நம் ஊரிலேயே ஒரு கேன்யன் கிடைத்த சந்தோஷம்.

மதியம் ஒன்றரை இருக்கும், நல்ல வெயில். எங்களில் ஒருவன் தண்ணீரைக் காட்டி, "காலைல தெளிவா இருந்துச்சு, இப்ப செவப்பா வருது, சருகும் வருது, திரும்பிடலாம்" என்றான். மேலே மாடு இறங்கியிருக்கும் என்று மற்ற இருவரும் சிரித்தார்கள். அவன் விடவில்லை. வண்டியையும் உடனே இக்கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். "தாருக்கு 650 மில்லிமீட்டர் தண்ணி தாங்கும், எதுக்குடா இந்தப் பயம்" என்று சண்டையே வந்துவிட்டது. கடைசியில் திரும்பினோம். இக்கரையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். தண்ணீர் கொஞ்சம் ஏறியது, அவ்வளவுதான். அன்றிலிருந்து அவனுக்கு 'வெள்ளம்' என்று பட்டப்பெயர். எங்களோடு பேசுவதையே அவன் குறைத்துக்கொண்டான். நான் அன்று எந்தப் பக்கமும் பேசவில்லை. அவன் செய்தது சரியா? அப்புறம், நம் மலையில் ஏன் அமெரிக்காவில் இருப்பது மாதிரி கேன்யன்கள் இல்லை?

உங்கள் வாசகன்,
சேலம்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் நண்பர் செய்தது சரி. வெள்ளம் வந்திருந்தால் எவ்வளவு சரியோ, வராதபோதும் அவ்வளவே சரி. ஒன்றரை மணிக்கு அவர் கையில் என்ன தகவல் இருந்தது, அதை வைத்து என்ன முடிவெடுத்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அடுத்த அரை மணி நேரத்தில் மேலே எவ்வளவு மழை பெய்யப்போகிறது என்பது உங்கள் நான்கு பேரில் யாருக்கும் தெரியாது. மற்ற இருவரும் அன்று தப்பித்தது அவர்கள் கணக்குப் போட்டதால் இல்லை. மழை குறைவாகப் பெய்தது, அவ்வளவுதான்.

அவர் கையில் இருந்த தகவல் சாதாரணமானதும் இல்லை. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டருக்குப் பக்கம், ஏற்காடு 1500 மீட்டர். கொஞ்ச தூரத்துக்குள்ளேயே 1200 மீட்டர் இறக்கம். மேலே பெய்கிற மழைக்கு நின்று யோசிக்க இடமே கிடையாது. மலை உச்சிகளில் பாக்சைட் கலந்த செம்மண். சேர்வராயன் கோயில் பக்கம் போயிருந்தால் அந்தச் சிவப்பைப் பார்த்திருப்பீர்கள். கீழே ஓடையில் உள்ளது பெரும்பாலும் கருங்கல்லும் மணலும். ஒரு மாடு இறங்கினால் குட்டை சாம்பல் நிறத்தில் கலங்கும், சற்று நேரத்தில் தெளிந்துவிடும். தண்ணீர் சிவந்து, சிவப்பாகவே தொடர்ந்து வந்து, சருகும் சேர்ந்து வந்தால், மேலே எங்கேயோ சரிவைக் கழுவும் அளவுக்கு மழை விழுந்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தது என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. மே மாதத்துக் கோடை இடி மழை ஒரு முகட்டில் கொட்டும், பக்கத்து முகடு காய்ந்து கிடக்கும். பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். ஒன்றரை மணி என்பது சரியாக அது தொடங்குகிற நேரம்.

நீங்கள் ஏங்கிப் பார்த்த ஆன்டிலோப் கேன்யனிலேயே இது நடந்திருக்கிறது. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவில் அந்த இடுக்குக்குள் இறங்கியிருந்த 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் பெரிய மழை இல்லை. பல கிலோமீட்டர் தள்ளி, மேட்டில் பெய்த மழை வறண்ட மணல் ஓடை வழியாக வந்து இடுக்குக்குள் பாய்ந்தது. அது நவாஹோ பழங்குடி மக்களின் நிலம். இன்று அவர்களுடைய வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. அந்தப் படங்களை உங்கள் இரண்டு நண்பர்களுக்கும் மறுபடி அனுப்புங்கள், இந்தத் தேதியையும் சேர்த்து.

இனி அந்த 650 மில்லிமீட்டர். தார் தயாரிப்பாளர்கள் சொல்கிற எண் அதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது நிற்கிற தண்ணீருக்கான எண். இன்ஜினுக்குள் தண்ணீர் புகாமல் எவ்வளவு ஆழம் வரை போகலாம் என்பதை மட்டும்தான் சொல்கிறது. பக்கவாட்டில் தள்ளுகிற ஓட்டத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது. 650 மில்லிமீட்டர் என்பது இரண்டடிக்குச் சற்று மேல். வேகமாக ஓடுகிற தண்ணீர் ஓரடி இருந்தால் பெரும்பாலான கார்களை நகர்த்திவிடும், இரண்டடி இருந்தால் ஜீப்பு, வேன் எல்லாவற்றையும் இழுத்துப் போய்விடும். ஏனென்றால் தண்ணீர் அடித்தட்டைத் தொட்டதுமே வண்டியைத் தூக்கத் தொடங்குகிறது. டயரின் மேல் இருக்கும் பாரம் குறைகிறது, பிடிமானம் போகிறது. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். அடியில் இருப்பதோ பாசி பிடித்த உருண்டைக் கல். ஆக, கம்பெனி கொடுத்த எண்ணுக்கு உள்ளேயே, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, உங்கள் வண்டி போய்விடலாம். உங்கள் நண்பர் நடையை நிறுத்தியதோடு விடாமல் வண்டியையும் இக்கரைக்குக் கொண்டுவரச் சொன்னார் பாருங்கள், அங்கேதான் அவர் மீது எனக்கு மரியாதை கூடியது. நிறையப் பேர் மனிதர்கள் கரையேறியதும் போதும் என்று நினைத்துவிடுவார்கள். அப்புறம் ஓடை ஏறியபின், பொழுதும் சாயும்போது, வண்டியை விட்டுவர மனமில்லாமல் அதில் இறங்குவார்கள்.

என் அப்பா ஏற்காட்டுத் தோட்டங்களில் ஜீப் ஓட்டியவர். மிளகு, காபி மூட்டை, பலாக்காய், சில சமயம் பிரசவ வலியெடுத்த பெண்கள் என்று எல்லாவற்றையும் அந்த மண்பாதைகளில் இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஓடை வந்தால் முதலில் இன்ஜினை அணைப்பார். பேசிக்கொண்டிருப்பவர்களைக் கையமர்த்துவார். கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்பார். அப்புறம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கையில் ஒரு குச்சியோடு அக்கரை வரை நடந்து போய்த் திரும்புவார். எந்தக் கல் உருள்கிறது, எங்கே பள்ளம் என்று காலால் பார்த்த பிறகுதான் முதல் கியர். நான் கூடப் போன நாட்களில் அவர் ஒரு மரத்தைக் காட்டுவார். கரையோர நாவல் மரம், அவர் தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் ஒரு கிளை. அந்தக் கிளைக்கவையில் காய்ந்த புல், மூங்கில் இலை, கோணிக் கிழிசல், ஒரு ரப்பர் செருப்பின் வார் எல்லாம் சேர்ந்து பின்னிக்கொண்டு கிடக்கும். காற்று கொண்டுவந்து வைத்தது இல்லை அது. போன மழைக்காலத்தில் தண்ணீர் அந்த உயரத்தில் ஓடியிருக்கிறது. கீழே கணுக்கால் நனையாமல் தாண்டுகிற ஓடை.

அடுத்த முறை ஓடைக்குள் இறங்கியதும் இப்படிப்பட்ட குப்பைக் கோட்டைத் தேடிப் பாருங்கள். பாறைச் சுவரிலும் தெரியும், ஓர் உயரம் வரை பாசியும் தேய்ந்த வழுவழுப்பும், அதற்கு மேல் சொரசொரப்பும் செடியும். அந்தக் கோடு உங்கள் தலைக்கு மேல் இருக்கிற இடத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம். நடந்துகொண்டே, எங்கே கரையேற முடியும் என்று இரண்டு பக்கமும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற இடமே இல்லாத நீண்ட இடுக்கு வந்தால், அதற்குள் நுழையும் முன் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்க்க வேண்டும். சத்தம் மாறினாலோ, மேலிருந்து திடீரென்று குளிர்ந்த காற்று இறங்கினாலோ, பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு ஏறிவிட வேண்டும். போன வழியே திரும்பி ஓடக் கூடாது, பக்கவாட்டில் மேலே ஏற வேண்டும்.

கேன்யன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆன்டிலோப் இருக்கும் இடத்தில் பாறை, நவாஹோ மணற்பாறை. சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் பாலைவன மணல்மேடுகளாக இருந்து இறுகியது. மணலைச் சுமந்து வரும் வெள்ளம் அதை மளமளவென்று அரித்துவிடும், அதனால்தான் அந்த வளைவுகளும் ஒரே ஆள் நுழையும் சந்துகளும். நம்முடையது சார்னோகைட். பூமியின் ஆழத்தில், கடுஞ்சூட்டில் உருவான, நீலம் கலந்த கருமைப் பாறை. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். தண்ணீர் இதை அப்படி லேசில் செதுக்க முடியாது. பாறையில் ஏற்கனவே இருக்கிற விரிசல்களைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது, பாளம் பாளமாகப் பெயர்க்கிறது, மூலைகள் மழுங்கி உருண்டைகளாகின்றன. அதனால்தான் உங்களுக்குப் படிப்படியான குட்டைகளும் நடுவில் யானைப் பருமனுக்குப் பாறைகளும் கிடைத்தன. சில குட்டைகளின் அடியில் உரல்குழி போன்ற வட்டப் பள்ளங்கள் இருக்கும், கையை விட்டுப் பாருங்கள், உள்ளே இரண்டு மூன்று கூழாங்கற்கள் தட்டுப்படும். வெள்ளக்காலத்தில் சுழன்று சுழன்று அந்தக் குழியைத் துளைத்தவை அவைதான். கிளியூர் அருவிக்குப் போகிற கூட்டத்தில் பாதிப் பேர் இதைப் பார்க்காமலேயே செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். எனக்கு அது வருத்தம்தான். அரிசோனாவுக்கு ஏங்குங்கள், தப்பில்லை. ஆனால் நம் ஓடைகளுக்கு அந்த அளவுகோல் வேண்டாம். இங்கே பார்க்க வேண்டியவை வேறு.

வண்டி ஓட்டுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நீங்கள் தோட்டத்துக்காரர் அனுமதியோடு போனது நல்லது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி ஜீப்பை விடுவது குற்றம். மலையேற்றத்துக்கும் அப்படித்தான். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன அத்தனை பேர் இறந்த பிறகு விதிகள் இறுக்கப்பட்டன, 2024 அக்டோபரில் முன்பதிவு செய்து நடக்க அரசே 40 பாதைகளைத் திறந்துவிட்டிருக்கிறது. அப்புறம், ஈரச் செம்மண்ணில் சக்கரத்தைச் சும்மா சுழலவிட்டு வீடியோ எடுக்காதீர்கள். அந்தத் தடம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகிவிடும், அதற்கடுத்த மழைக்கு அந்தப் பாதையில் மூட்டை இறக்க வண்டி வராது. உங்களுக்கு ஒருநாள் விளையாட்டு, கொட்டச்சேட்டுக்காரருக்கு அதுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி. டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கி, மெதுவாக, ஒருவர் முன்னால் நடந்து வழிகாட்ட ஓட்டினால் பெரும்பாலும் சக்கரம் சுழலவே சுழலாது. இறக்கத்தில் கிளட்ச்சை மிதிக்காதீர்கள். ஏறின கியரிலேயே இறங்கணும் என்று மலை டிரைவர்கள் சொல்வது ஃபோர் லோவுக்கும் பொருந்தும்.

பட்டப்பெயர் விஷயத்துக்கு வருகிறேன். அதை நீங்கள் லேசாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு லேசாகப் படவில்லை. ஒரு கூட்டத்தில் ஆபத்தைச் சொன்னவனைக் கேலி செய்துவிட்டால், அடுத்த முறை ஆபத்து வரும்போது அவன் வாயைத் திறக்க மாட்டான். மற்றவர்களும் திறக்க மாட்டார்கள், ஏனென்றால் என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டார்கள். மலைக்குப் போகிற கூட்டத்துக்கு இதைவிட மோசமான பழக்கம் இருக்க முடியாது. நான்கு பேரில் ஒருவர் திரும்பலாம் என்றால், காரணம் கேட்காமல் நான்கு பேரும் திரும்ப வேண்டும். காரணத்தைக் கரையில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். அன்று நீங்கள் பேசாமல் இருந்துவிட்டீர்கள். இப்போது பேசலாம். அவருக்கு மெசேஜ் போட வேண்டாம், போன் செய்யுங்கள். "நீ சொன்னது சரிடா, அன்னிக்கே உன் பக்கம் பேசியிருக்கணும்" என்று நேராகச் சொல்லுங்கள். அதை மற்ற இருவர் முன்னிலையிலும் ஒரு தடவை சொல்லுங்கள்.

தை பிறந்ததும் மறுபடி போங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், ஓடையில் தண்ணீர் இருக்கும், இடி மழைக்கான காலம் இல்லை. காலையில் வெளிச்சம் வந்தபின் புறப்படுங்கள், அதிகாலையில் காட்டெருமைகள் தோட்டப் பாதையிலேயே நிற்கும். ஊரிலிருந்து வழி தெரிந்த ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள். வண்டியை இக்கரையிலேயே விடுங்கள். பன்னிரண்டு மணிக்கெல்லாம் ஓடையை விட்டு ஏறிவிட்டால் சாயங்காலம் சேலத்தில் தட்டுவடை செட்டுக்கு வந்துவிடலாம். உங்கள் நண்பர் வரச் சம்மதித்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா