கேள்வி-பதில்: ஐஸில் கரையும் லேபிள்

கொக்குவில் வாசகி: ஜிஞ்சர் பியரும் நெல்லி ரசமும் வீட்டில் செய்து விற்கிறேன். லேபிளை ஸ்ரிக்கர் தாளில் வீட்டுப் பிறின்ரரிலேயே அடிக்கிறேன். பிறிட்ஜில் வைத்து எடுத்தால் மை வழிகிறது. விலை கூடிய தாள் வாங்கினால் சரிவருமா?

வராது. குற்றம் தாளில் இல்லை, மையில். வீட்டு இங்க்ஜெற்றில் பெரும்பாலும் இருப்பது தண்ணீரில் கரையும் சாய மை. குளிர்ந்த போத்தலை வெளியில் எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் அதில் வியர்த்து மையைக் கழுவிவிடும். லேசர் பிறின்ரரின் ரோனர், சூட்டில் உருகித் தாளில் பிடிக்கும் பிளாஸ்ரிக் தூள்; அது கரையாது. லேபிளை பீடிஎவ் ஆக்கிக்கொண்டு லேசர் பிறின்ரர் உள்ள கடைக்குப் போங்கள். தாளும் ஊறக்கூடாது என்றால் பிளாஸ்ரிக் ஸ்ரிக்கர் கேளுங்கள், ஆனால் உறையில் லேசருக்கு உரியது என்று இருக்க வேண்டும். இங்க்ஜெற்றுக்கான பிளாஸ்ரிக் தாளை லேசருக்குள் விட்டால் சூட்டு உருளையில் உருகி ஒட்டிவிடும். லேசருக்கு என்று சொல்லி என் தலையில் கட்டிய இங்க்ஜெற் தாள் ஒரு கட்டு இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

ஒட்டும்போது போத்தல் காய்ந்திருக்க வேண்டும், குளிர்ந்திருக்கக் கூடாது. ஜிஞ்சர் பியரைப் பிளாஸ்ரிக் போத்தலில் விடுகிறீர்கள் என்றால் காஸ் ஏறும்போது போத்தல் சற்று உப்பும். சுற்றிவர ஒட்டிய லேபிள் இழுபட்டு மடியும். முன்பக்கத்துக்கு மட்டும் ஒரு துண்டு போதும்.

உடுவில் வாசகர்: ரொறன்ரோவில் மருமகன் பொழுதுபோக்காக பியர் காய்ச்சுகிறார். அதே போத்தல்களைக் கழுவித் திரும்பப் பாவிக்கிறார். இங்கே ஸ்ரிக்கர் அடித்து அனுப்பினால் மலிவுதானே?

அடிக்கிற காசு மலிவு. பிறகு பசையைச் சுரண்டப் போவது அவர். கழுவிப் பாவிக்கிற போத்தலுக்கு ஸ்ரிக்கரே வேண்டாம். சாதாரண 80 கிராம் தாளில் லேசரில் அடித்து, பின்பக்கம் கொழுப்பு நீக்கிய பாலைத் தூரிகையால் மெல்லப் பூசி, போத்தலில் வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்து, கசிந்ததைத் துடைத்துக் காயவிடச் சொல்லுங்கள். பாலில் உள்ள கேசீன்தான் பசை. இளஞ்சுடுநீரில் ஊறவிட்டால் முழுதாகக் கழரும். ஒரு குறை உண்டு: ஐஸ் வாளியில் கனநேரம் கிடந்தாலும் கழரும்.

அங்கே வழக்கமான 355 மில்லிலீற்றர் போத்தலின் சுற்றளவு ஏறத்தாழ 19 சென்ரிமீற்றர். 95 மில்லிமீற்றர் அகலம், 70 உயரம் என்று வைத்தால் ஏ4 தாளில் 8 லேபிள் வரும். 19 லீற்றர் காய்ச்சினால் 50 போத்தலுக்குச் சற்று மேலே. 7 தாள் போதும். இதற்கு இங்கிருந்து பார்சலா? வடிவத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: நானும் இங்கே வீட்டில் பியர் காய்ச்சி நண்பர்களுக்கு விற்கலாம் என்றிருக்கிறேன். லேபிளில் என்ன போட வேண்டும்?

அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது உற்பத்தி செய்வது 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டப்படி குற்றம். லேபிள் அடித்தால் வழக்குக்குச் சான்றும் நீங்களே கொடுத்ததாகும்.

சங்கானை வாசகி: நெல்லி ரசத்துக்கு 1000 லேபிள் அடிக்க முற்பணம் கட்டினேன். வந்ததில் 'நெல்லி'யின் கொம்பு 'ந'வுக்குப் பின்னால் நிற்கிறது. நான் அனுப்பியது சரியாகத்தான் இருந்தது. அச்சகம் மிச்சக் காசையும் கேட்கிறது.

கொடுக்காதீர்கள். இது எனக்குப் பழைய கோபம். நீங்கள் போனில் தட்டியது யூனிகோட். இங்குள்ள அச்சகங்களில் இன்னும் ஓடுவது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. பாமினியில் கணினிக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான். தமிழ் வடிவம் அவற்றுக்குப் போட்ட சட்டை. யூனிகோட்டைப் பழைய மென்பொருளில் அப்படியே ஒட்டினால், கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவர அதற்குத் தெரியாது. கொம்பு பின்னால் விழும். பாமினியில் திரும்பத் தட்டினாலோ கைப்பிழை வரும். இரண்டையும் ஒருவர் வாசித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் பிடிபடும். வாசிக்காமல் 1000 அடித்துவிட்டுக் காசு கேட்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நீங்கள் அனுப்பிய செய்தி, வந்த லேபிள், பற்றுச்சீட்டு மூன்றையும் சேர்த்து வைத்து, திரும்ப அடித்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழையுங்கள். 3 மாதத்துக்குள் முறையிடுவது முக்கியம். இனி எங்கே கொடுத்தாலும் எழுத்துகளைக் கேர்வ்ஸ் ஆக்கிய, அதாவது எழுத்துருவே தேவைப்படாத கோட்டு வடிவமாக மாற்றிய பீடிஎவ் கொடுங்கள், அச்சான ஒரு தாளில் கையெழுத்து வைத்த பிறகே மற்றவை என்று பேசிக்கொள்ளுங்கள். சுற்றிவர 3 மில்லிமீற்றர் நிறத்தை வெளியே நீட்டிவிட்டால் வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாது. சின்ன எழுத்துக்குத் தனிக் கறுப்பு மட்டும். அச்சின் நாலு நிற மையும் கலந்த கறுப்பில் ஒரு நிறம் சிறிது விலகினாலும் எழுத்து மங்கும்.

சாவகச்சேரி வாசகர்: இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்று 2000 லேபிள் எடுத்தேன். போத்தலின் தோளில் ஏறி மடிகிறது. போத்தலை மாற்றுவதா, லேபிளையா?

போத்தலை அளந்தீர்களா? கடிதத்தில் அளவே இல்லை. தாள் நாடாவைச் சுற்றி, சந்திக்கிற இடத்தில் கோடு போட்டு அடிமட்டத்தில் வைப்பதற்குக் காசு இல்லை. நேராக நிற்கிற பகுதியின் உயரத்தில் மேலும் கீழும் 5 மில்லிமீற்றர் விட்டுத்தான் லேபிள் வர வேண்டும். வெறும் தாளில் ஒன்று வெட்டி ஒட்டிப் பார்த்தாலே தெரிந்திருக்கும். மேல் ஓரத்தில் எழுத்து இல்லையென்றால் வெட்டிப் பாவியுங்கள்.

கொக்குவில் வாசகியே மறுபடி: ஜிஞ்சர் பியர் லேபிளில் சிவப்பு வட்டம் போட வேண்டும் என்கிறார்கள், உண்மையா?

சீனியைப் பொறுத்தது. 2016 ஓகஸ்ட் முதல் காஸ் பானங்களுக்கு நிற அடையாளம் கட்டாயம்: 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. உங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் மாதிரியைக் காட்டிவிட்டு அடியுங்கள். காலாவதித் திகதிக்கு இடத்தை வெறுமையாக விட்டு, அழியாத பேனையால் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள்.