திங்கட்கிழமை அடைப்பு, புதன்கிழமை வீக்கம்

கேள்வி: அப்பாவுக்குத் திங்கட்கிழமை காலை பக்கவாதம் வந்தது. அன்று வலது கை வரவில்லை, ஆனாலும் பேசினார். புதன்கிழமை கண்ணே திறக்கவில்லை. மூளை வீங்கியிருக்கிறது என்கிறார்கள். அடைப்பு திங்களன்றே வந்துவிட்டதே, வீக்கம் ஏன் இத்தனை தாமதம்? மாமா ஏதோ என்சைம் மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். கொடுக்கலாமா?
— வாசகி, தென்காசி

பதில்: இந்த 'ஏன் தாமதம்' என்ற கேள்விக்காகத்தான் எனக்குப் பதினெட்டு வருடம் சம்பளம் கொடுத்தார்கள் அம்மா. எலியின் கழுத்து வழியாக நைலான் இழையை நுழைத்து மூளைத் தமனியை அடைப்போம். பிறகு ஆறாம் மணி, இருபத்து நான்காம் மணி என்று மூளையை எடுத்து உறைய வைத்து, எந்த மரபணு விழித்திருக்கிறது என்று அளப்போம். பாவம்தான், அந்த எலிகள்.

ரத்தம் நின்ற இடத்தின் நடுப்பகுதி நிமிடங்களில் போய்விடும். சுற்றியுள்ள செல்கள் குற்றுயிராகக் கிடக்கும். அவை சும்மா கிடப்பதில்லை. ஆக்சிஜன் இருக்கும்வரை உடனுக்குடன் அழிக்கப்படும் ஹிஃப்-1 என்ற புரதம் இப்போது அழியாமல் தேங்கும். அது உட்கருவுக்குள் போய், ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையிலிருந்து சக்தி எடுக்கும் நொதிகளின் (என்சைம்களின்) மரபணுக்களை முடுக்கிவிடும். பிழைக்கப் பார்க்கிறது செல். இந்த ஆக்சிஜன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்த மூவருக்குத்தான் 2019-இல் மருத்துவ நோபல்.

வம்பு அடுத்த படியில். செல்லுக்குள் நீர் ஏறுவது முதல் மணிகளிலேயே தொடங்கிவிடும். அதற்கு மேல், எம்.எம்.பி.-9 என்ற நொதி பெருகி, ரத்தக்குழாய்ச் சுவரைத் தாங்கும் புரதங்களை அரிக்கும்; குழாயிலிருந்து நீர் மூளைக்குள் கசியும். வெள்ளணுக்களும் வந்து சேர்ந்து, ஐநாஸ் என்ற இன்னொரு நொதியால் நைட்ரிக் ஆக்சைடை அளவில்லாமல் கொட்டும். மரபணு விழித்து, ஆர்.என்.ஏ. எழுதி, புரதம் சேர்ந்து, வேலையைக் காட்ட நேரம் பிடிக்குமல்லவா? வீக்கம் பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்கு வருவதில் அந்தத் தாமதமும் அடங்கியிருக்கிறது.

சரி, எம்.எம்.பி.-9-ஐ மருந்தால் தடுத்துவிட்டால்? முதல் நாளில் தடுத்தபோது எலிக்கு நல்லது. ஒரு வாரம் கழித்துத் தடுத்தால் கெடுதல், ஏனென்றால் புதுக் குழாய் முளைக்க அதே நொதி வேண்டும். பல வருட உழைப்பு அங்கே முட்டி நின்றது, எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

மாமாவின் மாத்திரை அவர் பையிலேயே இருக்கட்டும். கண் திறக்காதவருக்கு வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும்.