தயாரிப்பாளர் மாறினால் ஒரு சீரியலே மாறிவிடுமா?

நிச்சயமாக மாறும். நம் ஊரில் ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று அட்டை போட்டு நடிகரை மாற்றுவது எல்லாருக்கும் தெரியும். தயாரிப்பாளர் மாறும்போது அட்டையே வராது, கதைதான் காட்டிக்கொடுக்கும்.

அமெரிக்காவில் 1963 முதல் ஓடும் ‘ஜெனரல் ஹாஸ்பிட்டல்’ தொடரைப் பாருங்கள். 1978-இல் அது நிறுத்தப்படும் நிலைக்கே வந்துவிட்டது. அப்போது தயாரிப்பாளராகப் பொறுப்பேற்ற குளோரியா மான்ட்டி, நகராமல் கிடந்த காட்சிகளை வேகப்படுத்தினார். பதின்ம வயது லாராவைக் கதையின் நடுவே கொண்டுவந்தார். கொஞ்ச நாளைக்கென்று வந்த ஆன்டனி கியரி, லூக் வேடத்தில் நிலைத்துவிட்டார். 1981 நவம்பரில் லூக்-லாரா ஜோடியின் கல்யாணத்தைச் சுமார் 3 கோடிப் பேர் பார்த்தார்கள்.

1987-இல் விலகிய மான்ட்டி 1991-இல் திரும்பினார். கியரியையும் கூட்டிவந்தார், ஆனால் லூக்காக அல்ல. அதே முகச்சாயல் கொண்ட உறவினர் பில் எக்கர்ட்டாக! ரசிகர்கள் ஏற்கவில்லை. எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. அவர்கள் காத்திருந்தது லூக்குக்காக. மான்ட்டி மறுபடி விலக, 1992-இல் வந்த வெண்டி ரிச் அடுத்த ஆண்டே லூக்கையும் லாராவையும் மீட்டுவந்தார். லூக் என்று நினைத்து யாரோ சுட, பில் அந்த லூக்கின் கைகளிலேயே உயிர்விட்டான். இரண்டு முகமும் கியரியுடையதுதான்.