கேள்வி–பதில்: உதவித்தொகை வாங்கினால் வேலைக்குப் போக மாட்டார்களா?

கேள்வி: அமெரிக்காவில் உடல் இயலாமைக்காக அரசுத் தொகை பெறத் தொடங்கியவர்களில் மிகச் சிலரே மீண்டும் வேலைக்குப் போகிறார்கள் என்று படித்தேன். தொகை வருவதால் போகாமல் இருக்கிறார்களா, போக முடியாததால்தான் தொகையே வருகிறதா? இதைப் பிரித்தறிய வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் நேர்வழியில் போனால் விடை கிடைக்காது. தொகை பெறுபவர்களைப் பெறாதவர்களோடு ஒப்பிட்டுப் பயனில்லை; உடல்நிலை மோசமாக இருந்ததால்தானே அவர்களுக்குத் தொகை கிடைத்தது! ஜான் பவுண்ட் என்ற பொருளியல் அறிஞர் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், மனு நிராகரிக்கப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தார். அவர்களிலேயே பாதிக்கும் குறைவானவர்கள்தாம் வேலையில் இருந்தார்கள். அப்படியானால், தொகை பெற்றவர்களுக்கு அது கிடைக்காமல் போயிருந்தாலும் பெரும்பாலோர் வேலைக்குப் போயிருக்க மாட்டார்கள் என்று ஊகிக்கலாம்.

இதை இன்னும் நுட்பமாக அளந்தவர், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் சுகாதாரக் கொள்கைத் துறைப் பேராசிரியர் நிக்கோல் மாயெஸ்தாஸ். கேத்லீன் முல்லன், அலெக்சாண்டர் ஸ்ட்ராண்ட் ஆகியோருடன் அவர் 2013-ல் வெளியிட்ட கட்டுரையின் அழகு அதன் வழிமுறையில் இருக்கிறது. இந்தத் தொகையைத் தரும் அரசுத் திட்டமான சமூகப் பாதுகாப்பு இயலாமைக் காப்பீட்டுக்கான மனு முதலில் மாநில அலுவலகம் ஒன்றில் உள்ள பரிசீலனை அலுவலரின் மேசைக்கு வருகிறது. மனுதாரர் இப்போது எவ்வளவு சம்பாதிக்கிறார், நோய் கடுமையானதா, அது அரசின் நோய்ப் பட்டியலில் உள்ள வரையறைக்குள் வருகிறதா, பழைய வேலையைச் செய்ய முடியுமா, வயதையும் படிப்பையும் பார்த்தால் வேறு வேலையாவது செய்ய முடியுமா என்று ஐந்து படிகளில் அவர் கோப்பைப் பார்க்கிறார். முதுகுவலி, மனச்சோர்வு போன்றவற்றில் முடிவு பெரும்பாலும் கடைசி இரண்டு படிகளில்தான் ஊசலாடும். ஒரே மாதிரியான கோப்புக்கு இளகிய மனமுள்ள அலுவலர் 'சரி' என்பார், கறாரானவர் 'இல்லை' என்பார். சில சிறப்பு வகைகளை விட்டுவிட்டால், எந்தக் கோப்பு யாரிடம் போகும் என்பது ஏறத்தாழ குலுக்கல் போலத்தான். அந்தக் குலுக்கலையே ஆய்வாளர்கள் அளவுகோலாக்கிக்கொண்டார்கள்.

அவர்கள் கண்டது இது: மனுதாரர்களில் சுமார் 23 சதவீதம் பேருக்கு, எந்த அலுவலர் வாய்த்தார் என்பதைப் பொறுத்தே முடிவு மாறக்கூடும். இப்படி விளிம்பில் நின்று தொகை பெற்றவர்களுக்கு அது கிடைக்காமல் போயிருந்தால், இரண்டு ஆண்டுகள் கழித்து அவர்களிடையே வேலையில் இருப்போரின் விகிதம் 28 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக இருந்திருக்கும். இந்த ஓர் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு 'பார்த்தீர்களா, எல்லோரும் சோம்பேறிகள்' என்பவர்கள் கட்டுரையின் மறுபாதியைப் படிப்பதில்லை. பாதிப்பு குறைவாக உள்ளவர்களிடம் அந்த விளைவு 50 புள்ளிகள் வரை போகிறது. கடுமையாக உள்ளவர்களிடம் அது இல்லவே இல்லை. எனவே உங்கள் கேள்விக்கு விடை, நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது.

கேள்வி: நிராகரிக்கப்பட்டால் வேலைக்குத் திரும்பிவிடலாம்தானே? அதில் என்ன இழப்பு?

பதில்: காலம்தான் இழப்பு. முடிவு தெரியும்வரை மனுதாரர் பெரும்பாலும் வேலை செய்வதில்லை, ஏனெனில் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் சம்பாதித்தால் முதல் படியிலேயே மனு தள்ளுபடியாகிவிடும். மேல்முறையீடு என்று போனால் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளக்கூடும். டேவிட் ஆட்டர் என்ற பொருளியல் அறிஞரும் மேற்சொன்ன மூவரும் சேர்ந்து செய்த மற்றோர் ஆய்வு, காத்திருப்பு நீள நீளப் பின்னாளில் வேலை கிடைக்கும் வாய்ப்பு தேய்வதைக் காட்டியது. இந்தத் தேய்வு தொகை கிடைத்தவர், கிடைக்காதவர் இருவருக்குமே நேர்கிறது. தொழில்திறன் மறந்துபோவதும், முதலாளிகளோடு இருந்த தொடர்பு அறுந்துபோவதும் இதில் சேரும்.

கேள்வி: தொகை அனுமதியானவுடன் மருத்துவச் செலவையும் அரசே ஏற்கும் அல்லவா?

பதில்: உடனே இல்லை. இயலாமை தொடங்கியதிலிருந்து முழுதாக ஐந்து மாதங்கள் கழித்தே தொகைக்கு உரிமை வரும். அதன்பின் 24 மாதங்கள் போனால்தான் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு. ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோய்க்கு இந்த 24 மாதக் காத்திருப்பு 2001-ல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் உழைக்கும் வயதினர் பலருக்கு மருத்துவக் காப்பீடு வேலை தரும் நிறுவனம் வழியாகவே கிடைப்பதால், வேலையை விட்டவருக்கு மருத்துவர் மிகவும் தேவைப்படும் காலத்தில் காப்பீடு கையை விட்டுப் போகிறது. வருமானம் மிகக் குறைந்தவர்களுக்கு மெடிகெய்ட் என்ற வேறோர் அரசுக் காப்பீடு உண்டு. 2014 முதல், முன்பே உள்ள நோயைக் காரணம் காட்டித் தனியார் காப்பீட்டை மறுக்கக் கூடாது என்ற விதி இந்த இடைவெளியின் கூர்மையைக் குறைத்தது. என் பார்வையில், 24 மாதம் என்பது மருத்துவக் காரணம் எதுவும் இல்லாத, வெறும் செலவுக் கணக்கில் பிறந்த எண்.

கேள்வி: தொகைக்கு மனுப் போடும் நிலைக்கு வராமலே வேலையில் நீடிக்க எது உதவும்?

பதில்: பல சமயம் சிறிய மாற்றங்களே போதும். நாள் முழுக்க நின்று கல்லாவைப் பார்ப்பவருக்கு ஒரு உயரமான ஸ்டூல், சிகிச்சை நாளுக்கேற்ப மாற்றிய ஷிஃப்ட், பாரம் தூக்கும் பகுதியைச் சக ஊழியருக்குக் கொடுப்பது, இவையெல்லாம் அடங்கும். 1990-ல் இயற்றப்பட்ட அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம், 'நியாயமான வசதி' செய்து தர வேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகிறது. இருந்தும், இத்தகைய வசதி கிடைத்தால் பயன்பெறக்கூடியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது கிடைக்கவில்லை என்று மாயெஸ்தாஸ் குழுவினரின் 2019-ஆம் ஆண்டுக் கட்டுரை மதிப்பிடுகிறது.

கேள்வி: தொகை பெறுபவர் வேலைக்குப் போய்ப் பார்த்தால் மெடிகேர் பறிபோகுமா?

பதில்: அந்த அச்சம் பரவலாக இருக்கிறது, ஆனால் உடனே போகாது. ஒன்பது மாதங்கள் சோதனைக் காலமாக வேலை செய்யலாம், தொகையும் முழுதாக வரும். அதற்குப் பிறகு வருமானம் கூடித் தொகை நின்றாலும், இயலாமை நீடிக்கும்வரை, குறைந்தது 93 மாதங்களுக்கு மெடிகேரின் மருத்துவமனைக் காப்பீடு கட்டணமின்றித் தொடரும்.