பி.டி. பீரியடில் கணக்குப் பாடம்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் கிராமம். நானும் கணவரும் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறோம். மகள் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள், நன்றாக ஓடுவாள், குறுவட்டப் போட்டியில் 400 மீட்டரில் இரண்டாவதாக வந்தாள். ஆனால் பள்ளியில் பி.டி. சாரும் இல்லை, அந்தப் பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறார். கேட்டால் விளையாட்டுக்குப் பணமில்லை என்கிறார்கள். ஊட்டியில் பெரிய மைதானம் உள்ள தனியார் பள்ளியில் சேர்த்துவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. இலை பறிக்கும் கூலியில் அந்த ஃபீஸையும் வேன் செலவையும் கட்டி மாளாது. அப்படியே கட்டினாலும் அந்த மைதானத்தில் உங்கள் மகளை ஓட விடுவார்கள் என்று யார் சொன்னது? பல இடங்களில் மைதானம் நோட்டீஸில் படம் போடத்தான்.

பணமில்லை என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பள்ளிகளுக்குப் பணம் தரும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் விளையாட்டுப் பொருள் வாங்கவே ஆண்டுக்கு தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு 25,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஹெச்.எம். 'இன்னும் வரவில்லை' என்றால் அதையும் உடனே பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இதே திட்டத்தில் 2024-25-க்குத் தமிழகத்துக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்த கதை தெரியும்தானே.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், அதனால் தயங்க வேண்டியதில்லை. கடைசியாக வந்த மானியத்தில் என்ன வாங்கினார்கள், பில் எங்கே, பொருள் எங்கே என்று கேளுங்கள். அநேகமாகப் பந்து பீரோவுக்குள் காற்றுப் போய்க் கிடக்கும், பம்ப் இருக்கும், ஊசி இருக்காது. டைம்டேபிளில் இருக்கிற பி.டி. பீரியடை பி.டி.க்கே விடச் சொல்வதற்கு ஒரு பைசா செலவில்லை, அதையும் அங்கேயே பேசிவிடுங்கள்.

பி.டி. சார் விஷயம் கொஞ்சம் சிக்கல். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர். நம் மலைக் கிராமங்களில் பல பள்ளிகள் அந்த நூறைத் தொடுவதே கஷ்டம். சமவெளிக் கணக்கை மலைக்கும் போட்டால் இப்படித்தான். சமதளமும் கிடைக்காது, ஜூன் பிறந்தால் மழை, போட்டி என்றால் பாதிச் செலவு பஸ்ஸுக்கே போய்விடும், அதற்கோ பொருள் வாங்கும் மானியத்தில் இடமில்லை. என்னைக் கேட்டால் இங்குள்ள பள்ளிகள் அதைப் பயணச் செலவுக்கும் எடுக்க விட வேண்டும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் தங்கிப் படிக்கலாம், சாப்பாடும் பயிற்சியும் இலவசம், தேர்வு வைத்து எடுப்பார்கள். ஊட்டியில் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பார்த்து, ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கைக்கான தேர்வு எப்போது என்று இப்போதே கேட்டு வையுங்கள், போகும்போது அந்த 400 மீட்டர் சான்றிதழைக் கையோடு கொண்டு போங்கள். வீட்டை விட்டு அனுப்ப மனம் வருமா என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள், மகளையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.