பின்கோடு 625001 பகா எண்ணா?

கேள்வி: மகளின் கணக்கு புராஜெக்டுக்கு எங்கள் மதுரை பின்கோடு 625001-ஐ எடுத்திருக்கிறோம். 2, 3, 5, 7, 11 எதிலும் வகுபடவில்லை. பகா எண் என்று எழுதிவிடலாமா? வேறு என்ன சேர்க்கலாம்?

பதில்: எழுதிவிடாதீர்கள், அது பகு எண். 625001-இன் வர்க்கமூலம் 790-ஐத் தாண்டி வருகிறது. அதுவரை உள்ள 138 பகா எண்களில் எதனாலும் வகுபடாமல் இருந்தால்தான் பகா எண் என்று சொல்லலாம். நீங்கள் நிறுத்திய இடத்துக்கு அடுத்த பகா எண்ணே இதன் காரணி.

7, 11, 13 மூன்றையும் ஒரே கழித்தலில் பார்த்துவிடலாம். 7×11×13 = 1001. அதனால் கடைசி மூன்று இலக்கத்தைத் தனியாகப் பிரித்து, முன்பாதியிலிருந்து கழியுங்கள்: 625 − 001 = 624. இந்த மூன்றில் எதனால் 624 வகுபடுகிறதோ, அதனால் 625001-உம் வகுபடும். இதை 7-ஆல் வகுத்தால் மீதி 1, 11-ஆல் வகுத்தால் மீதி 8. 13-ஆல் வகுத்தால் மீதியே இல்லை, சரியாக 48. ஆகவே 625001 = 13 × 48077.

இனி 48077-க்கு 219 வரை பார்த்தால் போதும். முதலில் 13-ஐயே மறுபடி போட்டுப் பாருங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மீதி 3 வரும். பிறகு 17, 19, 23 என்று பொறுமையாக ஏறினால் 131-இல் பிடிபடும்: 48077 = 131 × 367. 367-ஐத் தனியாகச் சோதிக்க வேண்டாம். அதன் வர்க்கமூலம் 20-ஐக்கூட எட்டவில்லை. சின்னப் பகா எண்கள் எல்லாம் ஏற்கெனவே கழிந்துவிட்டன.

625001 = 13 × 131 × 367. இந்த ஒரு வரி கிடைத்தால் மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும். மூன்று வெவ்வேறு பகா எண்களின் பெருக்கல் என்பதால் இது ஸ்பெனிக் எண். ராமானுஜனின் 1729-உம் (7×13×19) இதே வகைதான். எந்தக் காரணியும் இரண்டு முறை வராததால், 1-ஐத் தவிர எந்த வர்க்க எண்ணாலும் இது வகுபடாது. மொத்தம் 8 வகுத்திகள்: 1, 13, 131, 367, 1703, 4771, 48077, 625001. கடைசியை விட்டுக் கூட்டினால் 55,063. எண்ணைவிட மிகக் குறைவு, ஆகவே இது குறை எண்.

ஒரு இடத்தில் கவனம் தேவை. 4-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறது என்பதால் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம் என்று நினைக்கத் தோன்றும். அந்த விதி பகா எண்ணுக்குத்தான். 131, 367 இரண்டுமே 4-ஆல் வகுத்தால் மீதி 3 தருபவை. அப்படிப்பட்ட காரணி ஒற்றைப்படைத் தடவை வந்தால் அது முடியவே முடியாது.

இலக்கங்களைக் கூட்டினால் 14, பிறகு 5. இது 9-ஆல் வகுத்தால் வரும் மீதி, அவ்வளவுதான். அதிர்ஷ்ட எண் பலனை நோட்டில் சேர்க்க வேண்டாம்.

அதற்குப் பதில் மதுரை கே.கே. நகரின் பின்கோடு 625020-ஐப் பக்கத்தில் எழுதுங்கள்: 2²×3×5×11×947. இதன் பாதி, மூன்றில் ஒன்று, கால் மூன்றும் சேர்ந்தாலே (312510 + 208340 + 156255) 6,77,105, எண்ணைத் தாண்டிவிட்டது. இது மிகை எண்.